சாண் என்ன, முழம் என்ன

கோர்ஃபக்கானில், மீன் சந்தைக்குப் பின்னால்,
ஏசி சொட்டும் எங்கள் கடை மேசையில்
இரண்டு விண்ணப்பங்கள்.
ஒன்று வழவழப்பு. மேலட்டையில் ஆமை சிரிக்கிறது.
இன்னொன்று மை தீரப்போகும் பிரிண்டரில்
நானே அச்செடுத்தது, ஓரமெல்லாம் கறுப்பு.
இனி எந்த நிறுவனத்தின் பெயரால்
ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போவேன் என்று
மாத முடிவுக்குள் எழுதித் தர வேண்டும்.

மர்வானுக்குச் சந்தேகமே இல்லை.
"ஆமையைப் போடு, ஜெசிந்தா.
ஆமையை மாலத்தீவில் தெரியும், எகிப்தில் தெரியும்,
துபாயிலிருந்து வருகிற கூட்டத்துக்கு
வேறெதுவும் தெரியாது.
மூன்று நாள், நான்கு டைவ், ஓர் அட்டை.
வாடகையை யார் கட்டுவது?"
வாடகை பொய்யில்லை.
ஜூலை வெயிலில் சிலிண்டர் தூக்கிய தோளுக்கு
அது நன்றாகவே தெரியும்.

ஆமைப் பாடத்தில் மாணவர்கள் மணலில் முட்டி போடுவார்கள்,
நன்மை வாங்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக.
முகமூடிக்குள் தண்ணீர் விடு.
மூக்கால் ஊது.
விரல்களால் வட்டம் காட்டு.
அடுத்த ஆள்.
ஆறு வருடம் அப்படித்தான் கற்பித்தேன்.

அருமைராஜ் ஜெபல் அலியில் கிரேன் ஓட்டுபவர்.
தரையிலிருந்து நாற்பது மீட்டர் மேலே
பதினோரு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவர்,
ஐந்து மீட்டர் கீழே
மூக்கில் உப்பு ஏறியதும்
என் வாயிலிருந்த ரெகுலேட்டரைப் பிடுங்கினார்.
படகு ஏணியைக் கட்டிக்கொண்டு
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"முட்டி போட்டிருந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு மேடம்.
கீழ தரை இல்லன்னதும்
எல்லாம் மறந்துபோச்சு."

அதன்பின் அவரை நான் மண்ணில் இறக்கவில்லை.
மிதந்தபடியே எல்லாம்.
ஒன்பது டைவ் ஆயிற்று.
நாலுக்கு மேல் போன காற்று
என் சம்பளத்தில் கழிந்தது.
ஒன்பதாவதில், மணலுக்கு ஒரு சாண் மேலே,
கேபினில் இருப்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டு,
முகமூடி நிறையத் தண்ணீரோடு
அவசரமே இல்லாமல் இருந்தார்.
அடியில் புதைந்து கிடந்த திருக்கை
கண்ணைக்கூட அசைக்கவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
கரையில் நின்று யாரோ சொல்லிவிட்டுப் போனது.
தலைக்கு மேல் போன பிறகுதான்
சாணுக்கும் முழத்துக்கும் கணக்கே தொடங்குகிறது.
மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏற்றம்,
விட்டால் ஒரு சாண் இறக்கம்,
ஒரு முழம் வேகமாக மேலே வந்தவரின் காதில்
ரத்தம் பார்த்திருக்கிறேன்.

ஓரம் கறுத்த நிறுவனத்தார் மேலும்
எனக்குக் காதல் கிடையாது.
தொலைபேசியில் நாற்பது நிமிடம்
துடுப்புகளைப் பற்றியே பேசினார் அவர்களது ஆள்.
கறுப்பு தவிர வேறு நிறம் கூடாதாம்.
என் ஹுமைராவின் மஞ்சள் துடுப்புகளை
இவரிடம் எங்கே ஒளிப்பது?
உலகத்தில் மற்றவர்கள் எல்லாம்
குளத்தில் குளிப்பவர்கள் என்ற தொனி வேறு.
கட்டணமோ யூரோவில்.

ஆனால்,
ஆமையின் படிவம் என் டி-ஷர்ட் அளவைக் கேட்கிறது.
மற்றது, மூன்றாம் பக்கத்தில், கேட்கிறது:
எப்படிப்பட்டவருக்கு அட்டை தர மறுப்பீர்கள்?
கீழே நான்கு கோடுகள்.

நல்ல வாக்கியமாக ஒன்று யோசித்தேன்.
பேனா வேறெதையோ எழுதிற்று.
2019, கோபகுமார், மிதக்க வரவில்லை, விமானம் பிடிக்க வேண்டும் என்றார்.
தேனிலவுக்கு வந்த இருவர், அவளுக்கு மட்டும் பயம்,
அவனுக்காக வட்டம் காட்டினாள்.
மர்வானின் மச்சான்.
பெயர் மறந்த, நீல உடைப் பையன்.
எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டவள் நான்.
எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறார்களோ.

மர்வான் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.
தமிழ் படிக்கத் தெரியாது.
"இவ்வளவு என்ன எழுதுகிறாய்?"
"பாக்கி" என்றேன்.

கோடுகள் போதவில்லை.
ஆமையைக் கவிழ்த்தேன்.
பின்பக்கம் காலியாக இருந்தது.